கப்பலைப் படம் பிடிப்போம், பெயரை எழுதி வைப்போம்

அத்திபெலேயில் கடல் இல்லை. சென்னைக் கடற்கரைக்குப் போக வேண்டுமானால் சுமார் 300 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். கார்வார் கடற்கரை 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஊரில் உள்ள பலர் கடலையே பார்த்ததில்லை.

ஆனால் கப்பலில் வந்த பொருள்கள் தினமும் அத்திபெலே வழியாகத்தான் போகின்றன. நெடுஞ்சாலையில் நின்று பாருங்கள். ஓசூர்ப் பக்கமிருந்து நீளமான லாரிகள் வரும். அவற்றின் மேல் பெரிய இரும்புப் பெட்டிகள் இருக்கும். இவற்றைக் கன்டெய்னர் என்கிறோம். அவற்றில் பல, சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கப்பட்டவை. நம் ஊருக்குக் கப்பல் வருவதில்லை. கப்பலின் சுமை மட்டும் வருகிறது.

அப்படியானால் நாம் கப்பலை எங்கே பார்க்கிறோம்? படத்தில்தான் பார்க்கிறோம்.

சுவரில் தொங்கும் கப்பல்

டீக்கடையில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அதில் அழகான கப்பல் படம். வெள்ளைப் பாய்கள் காற்றில் புடைத்து நிற்கின்றன. ஒரு குழந்தை கேட்கிறது: "இது எந்த ஊர்க் கப்பல், தாத்தா?"

தாத்தாவுக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. காலண்டரைப் புரட்டிப் பார்த்தாலும் தெரியாது. ஏனென்றால் படத்தின் கீழே எதுவும் எழுதவில்லை.

படம் அழகாக இருக்கிறது. ஆனால் ஊமையாக இருக்கிறது. கப்பலின் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் யாராவது எழுதியிருந்தால் அந்தப் படம் பேசியிருக்கும்.

கப்பலையும் படகையும் படம் பிடிப்பது பலருக்கு ஆசையான வேலை. சிலர் வாழ்நாள் முழுவதும் இதைச் செய்கிறார்கள். இன்று செல்போன் வைத்திருக்கும் யாரும் இதைச் செய்யலாம். ஆனால் படம் எடுப்பது பாதி வேலைதான். எழுதி வைப்பது மீதிப் பாதி. ஏன் என்று பார்ப்போம்.

ஆணி இல்லாத படகு

உலகத்துக்குப் புகைப்படக்கலை அறிமுகமானது 1839ஆம் ஆண்டு. அடுத்த 20 ஆண்டுகளுக்குள் அது சென்னைக்கு வந்துவிட்டது. 1856ஆம் ஆண்டில் சென்னையில் புகைப்படக்காரர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள்.

அக்காலத்தில் சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, ஆழமான கடலில் நிற்கும். மக்களும் மூட்டைகளும் சிறிய படகுகளில் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகுக்கு மசூலாப் படகு என்று பெயர். அதில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னை நாரால் ஆன கயிறு கொண்டு தைத்திருப்பார்கள்.

ஏன் தைத்தார்கள்? சென்னைக் கரையில் அலை வேகமாக அடிக்கும். ஆணி அடித்த படகு விறைப்பாக இருக்கும். அலை தூக்கிப் போட்டால் பலகை பிளந்துவிடும். தைத்த படகு சற்று வளைந்து கொடுக்கும். அதனால் தப்பிக்கும்.

1881ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. பின்னர் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க வழி பிறந்தது. மசூலாப் படகுக்கு வேலை குறைந்தது. காலப்போக்கில் அது மறைந்துவிட்டது. இன்று அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளப் பழைய படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பழைய படங்களில் ஒன்றைக் கவனிக்கலாம். பல படகுகள் கரையில் இழுத்து வைக்கப்பட்டிருக்கும். இதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலக் கேமராவில் ஒரு படம் பதியப் பல விநாடிகள் ஆகும். அதுவரை எதிரில் உள்ள பொருள் அசையக் கூடாது. அலையில் ஆடும் படகு அசையாமல் நிற்குமா? படம் கலங்கிப் போகும். அதனால் நிற்கும் படகையே எடுத்தார்கள்.

கட்டுமரத்தைக் குறித்து வைத்தவர்

சென்னை மாகாண மீன்வளத் துறையில் ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் வேலை பார்த்தார். கடற்கரை ஊர்களுக்கு அவர் அடிக்கடி போவார். அங்கே உள்ள படகுகளைக் கூர்ந்து பார்ப்பார். இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார்.

அவர் படகை வேடிக்கை மட்டும் பார்க்கவில்லை. அந்தப் படகு எந்தக் கரையில் ஓடுகிறது? எதனால் செய்தது? எப்படிக் கட்டியிருக்கிறார்கள்? இவற்றையெல்லாம் எழுதினார்.

அவர் குறித்தவற்றில் ஒன்று நமது கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கட்டுவதால் அது கட்டுமரம். இந்தத் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆயிற்று. இன்று நம் கடற்கரையில் கண்ணாடி நார்ப் படகுகள்தாம் அதிகம். ஃபைபர் படகு என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான். கட்டுமரம் குறைந்துகொண்டே வருகிறது. அதைக் கட்டத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். இப்போது எடுக்கும் படம், நாளை பேரப்பிள்ளைக்குப் பாடம்.

பெயர் மாறிய கப்பல்

இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதியில் வல்வெட்டித்துறை என்ற ஊர் உள்ளது. அங்கே உள்ள தமிழர்கள் பாய்மரக் கப்பல் கட்டுவதில் வல்லவர்கள். 1930ஆம் ஆண்டில் அங்கே ஒரு கப்பல் கட்டினார்கள். அதன் நீளம் 89 அடி. பெயர் அன்னபூரணி அம்மாள்.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அந்தக் கப்பலை விலைக்கு வாங்கினார். அவர் தாமே சிறிய படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். கப்பலின் நல்ல வேலைப்பாடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அந்தக் கப்பலை அமெரிக்காவுக்குச் செலுத்திச் சென்றார்கள். பல கடல்களைத் தாண்டி, அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து, 1938ஆம் ஆண்டு ஆகஸ்டில் குளோஸ்டர் என்ற அமெரிக்கத் துறைமுகத்தை அடைந்தார்கள்.

அங்கே எடுத்த படங்கள் இன்றும் உள்ளன. ஆனால் ஒரு சிக்கல். கப்பலை வாங்கியவர் அதற்குத் தம் மனைவியின் பெயரை வைத்துவிட்டார். கப்பலின் புதுப் பெயர் ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தின் கீழே புதுப் பெயரை மட்டும் எழுதினால் என்ன ஆகும்? பார்ப்பவர் அதை அமெரிக்கக் கப்பல் என்றே எண்ணுவார். அதைக் கட்டிய தச்சர்கள் மறக்கப்படுவார்கள். செலுத்திய மாலுமிகளும் மறக்கப்படுவார்கள். "இது வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி" என்று எழுதி வைத்தவர்களால்தான் அந்தப் பெருமை உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஓவியத்திலிருந்து பிறந்த கப்பல்

படம் என்றால் கேமராவில் எடுத்தது மட்டுமா? ஓவியமும் படம்தான்.

மகாராஷ்டிரத்தில் அஜந்தா குகைகள் உள்ளன. அங்கே ஒரு சுவரில் கப்பல் ஓவியம் இருக்கிறது. அது 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்துக் கப்பல் ஒன்றுகூட இன்று முழுதாகக் கிடைக்கவில்லை. கட்டும் முறையைச் சொல்லும் வரைபடமும் இல்லை. அந்த ஓவியம் மட்டும் இருந்தது.

அதை வைத்தே ஒரு கப்பல் கட்ட முடிவு செய்தார்கள். 2023ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. கேரளத்துக் கைவினைஞர்கள் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். ஆம், நம் மசூலாப் படகைப் போலவே! சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை மாதிரிக் கப்பலை வைத்துச் சோதனை செய்தது. கோவாவில் கட்டி முடித்த இந்தக் கப்பல், 2025ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தின் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதன் பெயர் கௌண்டின்யா. பழங்காலத்தில் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியாவுக்குச் சென்ற ஓர் இந்தியரின் பெயர் இது.

கௌண்டின்யாவின் பாயில் ஒரு சின்னம் உண்டு. அது கண்டபேருண்டம் என்ற இரட்டைத் தலைப் பறவை. கர்நாடக அரசின் முத்திரையிலும் இந்தப் பறவை இருக்கிறது. அத்திபெலே மக்களுக்கு அது புதிது அல்ல.

ஒரு படம் சுமார் 1500 ஆண்டுகள் காத்திருந்தது. அந்தப் படம் அழிந்திருந்தால் இந்தக் கப்பல் பிறந்திருக்காது.

ஒரே பெயர், ஒரே எண், இரண்டு கப்பல்

போர்க்கப்பலின் பக்கவாட்டில் பெரிய எழுத்தும் எண்ணும் எழுதியிருக்கும். அதைப் பார்த்துக் கப்பலை அடையாளம் காணலாம். பெரும்பாலும் இந்த வழி உதவும். எப்போதும் உதவாது.

விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலை எடுத்துக்கொள்வோம். விமானங்கள் அதன் மேல்தளத்தில் இறங்கும், அங்கிருந்தே கிளம்பும். இந்தியா அதைப் பிரிட்டனிடம் வாங்கியது. 1961ஆம் ஆண்டு அது கடற்படையில் சேர்ந்தது. 1997ஆம் ஆண்டு ஓய்வு பெற்றது. சில ஆண்டுகள் மும்பையில் அருங்காட்சியகமாக இருந்தது. பிறகு ஏலத்தில் விற்கப்பட்டு, 2014ஆம் ஆண்டு உடைக்கப்பட்டது.

பின்னர் கொச்சியில் நாமே ஒரு விமானம் தாங்கிக் கப்பலைக் கட்டினோம். அதற்கும் விக்ராந்த் என்றே பெயர் வைத்தார்கள். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் அது கடற்படையில் சேர்ந்தது. பழைய கப்பலின் நீளம் சுமார் 213 மீட்டர். புதியதன் நீளம் 262 மீட்டர். ஆனால் இரண்டின் அடையாள எண்ணும் ஒன்றுதான்: ஆர் 11.

"விக்ராந்த், ஆர் 11" என்று மட்டும் ஒரு படத்தில் எழுதியிருந்தால் போதுமா? போதாது. எந்த ஆண்டு எடுத்த படம் என்றும் எழுத வேண்டும். தேதி இல்லாவிட்டால் தாத்தா கப்பலும் பேரன் கப்பலும் ஒன்றாகிவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பாய்மரக் கப்பல் என்றாலே பழைய கப்பல் என்று நினைக்க வேண்டாம். நம் கடற்படையில் தரங்கிணி என்ற பாய்மரக் கப்பல் உள்ளது. மூன்று பாய்மரங்கள் கொண்டது. 1997ஆம் ஆண்டுதான் சேர்ந்தது. இளம் மாலுமிகளுக்குப் பயிற்சி தருகிறது. 2003-04ஆம் ஆண்டில் அது உலகையே சுற்றி வந்தது. படத்தை மட்டும் பார்த்து வயதைச் சொன்னால் ஏமாந்துபோவோம்.

எங்கே எடுக்கலாம்? எங்கே எடுக்கக் கூடாது?

எல்லா இடத்திலும் கப்பலைப் படம் எடுக்க முடியாது. இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

கடற்படைத் தளம், போர்க்கப்பல் கட்டும் இடம் ஆகியவை பாதுகாக்கப்பட்ட இடங்கள். அங்கே அனுமதி இல்லாமல் படம் எடுப்பது குற்றம். 1923ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம் இதைத் தடுக்கிறது. ஆசையாகத்தான் எடுத்தேன் என்று சொன்னாலும் விசாரணைக்குப் போக வேண்டிவரும்.

காரணம் என்ன? கப்பல் எங்கே நிற்கிறது, அதில் என்ன ஆயுதம் இருக்கிறது, எப்போது கிளம்புகிறது என்பதெல்லாம் எதிரிக்கு உதவும் செய்திகள். ஒரு சாதாரணப் படத்திலேயே இவை அடங்கியிருக்கலாம். அதைச் செல்போனில் பலருக்கு அனுப்பினால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

இத்தகைய இடங்களில் 'படம் எடுக்கக் கூடாது' என்று பலகை வைத்திருப்பார்கள். எழுத்துத் தெரிந்தவர் அதைப் படித்துத் தப்பிக்கலாம். படிக்கத் தெரியாதவரும் பெரிய சிக்கலில் மாட்டலாம். உடன் வருபவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.

சரி, போர்க்கப்பலைப் பார்க்கவே முடியாதா? முடியும். கார்வாரில் இரவீந்திரநாத் தாகூர் கடற்கரையில் சபல் என்ற ஏவுகணைப் படகைக் கரையேற்றிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். விசாகப்பட்டினத்தில் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் 2002ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாக உள்ளது. டிசம்பர் 4ஆம் நாள் கடற்படை நாள். அதையொட்டிச் சில துறைமுகங்களில் பொதுமக்களைக் கப்பல் பார்க்க அனுமதிப்பது உண்டு. அங்கேயும் காவலர் சொல்வதைக் கேட்ட பிறகே செல்போனை எடுக்க வேண்டும்.

மீன்பிடித் துறைமுகத்தில் மீனவரிடம் கேளுங்கள். "அண்ணே, உங்க படகைப் படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் போதும். படகின் பெயர் ஏன் வந்தது என்று அவரே கதை சொல்வார்.

பரிசலில் தொடங்குங்கள்

கடல் தொலைவில் இருக்கிறதே என்று வருந்த வேண்டாம். ஓசூர் போய், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகலாம். அங்கே காவிரியில் பரிசல் ஓடுகிறது. ஆற்றின் ஒரு கரை தமிழ்நாடு. மறுகரை கர்நாடகம். பரிசலும் மிகப் பழைய ஓடங்களில் ஒன்றுதான். மூங்கிலால் பின்னிய வட்டமான கூடு அது. முன்பு அதன் மேல் தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன.

அங்கே பழகிப் பாருங்கள்:

1. காலையிலோ மாலையிலோ எடுங்கள். உச்சி வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூசும். படமும் வெளுத்துப்போகும்.

2. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அப்போது படகின் நிறம் தெளிவாகத் தெரியும்.

3. தண்ணீர்க் கோடு நேராக இருக்கட்டும். கோடு சாய்ந்தால் ஆறே சாய்ந்தது போல் தெரியும்.

4. ஓடுகிற படகுக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் தெரியும்படி எடுங்கள். படகு எந்தப் பக்கம் போகிறது என்று புரியும்.

5. படகின் பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் நல்லது. படகு எவ்வளவு பெரியது என்று தெரியும்.

6. விரலால் படத்தைப் பெரிதாக்கி எடுக்க வேண்டாம். படம் கலங்கும். முடிந்தால் அருகில் போய் எடுங்கள்.

7. முதலில் முழுப் படகு ஒரு படம். அடுத்து பெயரும் எண்ணும் தெரியும்படி ஒரு படம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உயிர். பரிசலில் எழுந்து நின்று படம் எடுக்கக் கூடாது. பரிசல் லேசானது, வட்டமானது. ஒரு பக்கம் எடை கூடினால் சாய்ந்துவிடும். உயிர்காக்கும் உடுப்பை அணியாமல் ஏறாதீர்கள். பாறை நுனியில் நின்று எடுக்காதீர்கள். ஆற்றில் வெள்ளம் வரும்போது பரிசல் ஓட்டத் தடை விதிப்பார்கள். அந்தத் தடையை மதியுங்கள்.

பின்புறம் என்ன எழுதுவது?

செல்போன் உடையலாம். தொலைந்து போகலாம். அதோடு படமும் போய்விடும். நல்ல படங்கள் நான்கைந்தைப் போட்டோ கடையில் கொடுத்து அச்சிட்டு வையுங்கள். பின்புறம் ஓரமாக மெதுவாக எழுதுங்கள். பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மை காய்ந்த பிறகு அடுக்கி வையுங்கள்.

இப்படி எழுதலாம்:

"பரிசல். ஒகேனக்கல், காவிரி ஆறு. 15.1.2025, மாட்டுப் பொங்கல். மூங்கில் கூடு, மேலே பிளாஸ்டிக் தாள், தார் பூச்சு. படம் எடுத்தது அக்கா."

இவ்வளவுதான். நான்கைந்து வரிகள். தமிழில் எழுதலாம், கன்னடத்தில் எழுதலாம். உங்களுக்கு எது வருமோ அதில் எழுதுங்கள்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒரு மீனவக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். படகுதான் அவர்களுக்குச் சோறு போடுகிறது. மீன்பிடி படகுகளுக்கு அரசு பதிவு எண் கொடுக்கிறது. தமிழ்நாட்டுப் படகின் எண்ணில் டி.என். என்றும், கர்நாடகப் படகின் எண்ணில் கே.ஏ. என்றும் இருக்கும். புயலில் படகு போய்விட்டால், அல்லது யாராவது திருடிவிட்டால், "இதுதான் எங்கள் படகு" என்று காட்ட என்ன இருக்கிறது? பதிவுச் சான்றிதழோடு, எண் தெளிவாகத் தெரியும் ஒரு படம் இருந்தால் பேச்சுக்கு வலு வரும். எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

மசூலாப் படகு போய்விட்டது. பழைய விக்ராந்த் போய்விட்டது. அன்னபூரணியின் பெயர்கூட மாறிப்போயிற்று. மரம் மக்கும், இரும்பு துருப்பிடிக்கும். படமும் அதன் கீழ் உள்ள எழுத்தும்தான் அவற்றை நமக்குச் சொல்கின்றன.

அடுத்த முறை அந்தக் குழந்தை "இது எந்த ஊர்க் கப்பல், தாத்தா?" என்று கேட்கும். அப்போது தாத்தா படத்தைத் திருப்பிப் படித்துச் சொல்லட்டும்.

யோசித்துப் பாருங்கள்

1. மசூலாப் படகில் ஏன் ஆணி அடிக்கவில்லை?

2. அன்னபூரணி கப்பலுக்குப் புதிதாக என்ன பெயர் வைத்தார்கள்?

3. விக்ராந்த் படத்தில் ஆண்டு ஏன் எழுத வேண்டும்?

4. கடற்படைத் தளத்தில் ஏன் படம் எடுக்கக் கூடாது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் உள்ள பழைய போட்டோ ஒன்றை எடுங்கள். அதில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பின்புறம் இன்றே எழுதி வையுங்கள்.